கூடப் போக ஓர் ஆள்

தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் வட்டாரத்தில் பீடி சுற்றும் ஒரு பெண்ணிடம், "தாலுகா ஆபீசுக்கு ஒரு நடை போய் மனு கொடுத்துட்டு வந்துருங்கக்கா" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். "அன்னைக்கு இலைய யாரு வெட்டுவா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். இலையை முதல் நாளே நனைத்து வைத்திருப்பார். காலையில் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, கட்டுப் போட்டு, கடையில் கணக்குக் கொடுக்க வேண்டும். ஈரம் போனால் இலை ஒடிந்துவிடும். எடை குறைந்தால் இலையைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்க வேண்டியிருக்கும். ஆக, ஒரு மனுவுக்காக அவர் இழப்பது ஒரு நாள் கூலியை மட்டுமல்ல. மறுநாள் கூலியிலும் கொஞ்சம் போய்விடுகிறது.

அந்தப் பெண்ணுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் பயன்படக்கூடிய சட்டங்களும் திட்டங்களும் தமிழ்நாட்டில் நிறையவே இருக்கின்றன. ஆனால் கவுண்டருக்கும் அவருக்கும் நடுவில் அந்த ஒரு நாள் கூலி நிற்கிறது. போதாததற்குப் பயமும் இருக்கிறது: என்ன கேட்பார்களோ, எந்தத் தாள் இல்லை என்று திருப்பி அனுப்புவார்களோ என்ற பயம். ஓய்வுபெற்ற ஆசிரியர், கடைக்காரர், கல்லூரி மாணவி, கோயில் கமிட்டியிலோ ஜமாஅத்திலோ சபையிலோ பொறுப்பில் இருப்பவர் என்று நீங்கள் யாராக இருந்தாலும், உங்களால் செய்யக்கூடிய பெரிய உதவி அந்தப் பெண்ணோடு கூடப் போவதுதான். எங்கே போவது, எதைக் கையில் எடுத்துக்கொள்வது, எங்கே விழிப்பாக இருப்பது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம். அதற்கு முன் மாவட்ட அலுவலகம் என்றாலே திருநெல்வேலிக்கு பஸ் ஏற வேண்டும். இப்போது அந்தத் தூரம் குறைந்துவிட்டது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் அந்த டவுன் பஸ் எத்தனை மணிக்கு வரும், ஆபீசில் டோக்கன் எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள் என்ற இரண்டும் தெரியாமல் கிளம்பினால் பாதி நாள் வீண். இந்த இரண்டையும் விசாரித்து வைப்பதிலிருந்தே உங்கள் வேலை தொடங்குகிறது.

முதலில் தாள்கள்

அநேக வீடுகளில் எல்லாத் தாளும் ஒரே மஞ்சப்பையில் இருக்கும். அதை அந்தப் பெண்ணின் கையாலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நாமாகப் பிரித்துப் பார்க்கக் கூடாது. ஆதாரில் மாரியம்மாள், ரேஷன் கார்டில் மாரியம்மா, வங்கிப் புத்தகத்தில் எம். மாரி என்று இருக்கலாம். ஒன்றில் அப்பாவின் இனிஷியல், இன்னொன்றில் வீட்டுக்காரரின் இனிஷியல். பிறந்த தேதி மூன்றிலும் மூன்று விதம். ஒவ்வொரு விண்ணப்பமும் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறது.

திருத்தத்தை ஆதாரிலிருந்து தொடங்குங்கள். மற்ற எல்லாமே அதனோடு இணைக்கப்பட்டிருப்பதால், முதலில் ரேஷன் கார்டைத் திருத்திவிட்டுப் பிறகு ஆதாரை மாற்றினால் வேலை இரட்டிக்கும். ஆதாரில் எந்த போன் எண் இருக்கிறது என்று அப்போதே பாருங்கள். பல பெண்களுக்கு அது கணவரின் எண்ணாகவோ, எப்போதோ தொலைந்த சிம்மாகவோ இருக்கிறது. ஓ.டி.பி. யாருடைய போனுக்குப் போகிறதோ அவர் கையில்தான் அந்தப் பெண்ணின் விண்ணப்பங்கள் எல்லாம் இருக்கின்றன. கணவர் விட்டுப் போன வீட்டில் இந்த ஒரு எண்ணை மாற்றிக் கொடுப்பதே பெரிய விடுதலை.

அடுத்தது வங்கிக் கணக்கு. அரசு உதவித்தொகைகள் பலவும் ஆதார் வழியாகத்தான் வருகின்றன. ஒருவருக்கு மூன்று வங்கிகளில் கணக்கு இருந்தால், உதவித்தொகைக்காகக் கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தார்களோ அதற்குப் பணம் போகும். குழுக் கடனுக்காக எங்கோ ஒரு கிளையில் கணக்குத் திறந்திருப்பார், அது மறந்தும் போயிருக்கும். "எனக்கு மட்டும் பணம் வரலை" என்று ஒருவர் சொன்னால், விண்ணப்பம் தள்ளுபடியானதா என்று தேடுவதற்கு முன் அந்தப் பழைய பாஸ்புக்கைத் தேடுங்கள். பணம் அங்கே சேர்ந்துகொண்டிருக்கக்கூடும்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, விதவைச் சான்று, கணவரால் கைவிடப்பட்டவர் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அரசு மையத்தில் கட்டணம் குறைவு, ரசீதும் தருவார்கள். தனியார் கடையில் பதிந்தால் கடைக்காரர் தன் போன் எண்ணைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்ப எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு அந்தப் பெண்ணிடமே இருக்கட்டும். உங்களுக்கு ஒரு நகல் போதும்.

பிள்ளையின் வயிறு

கர்ப்பம் தெரிந்ததும் 12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிய வேண்டும். அங்கே தரும் பிக்மி எண் முக்கியமானது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதியுள்ள தாய்க்குக் கிடைக்கும் 18,000 ரூபாயும் (இதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம்), பிறகு பிள்ளையின் பிறப்புப் பதிவும் இந்த எண்ணைப் பிடித்தே நடக்கின்றன. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது இந்த எண்ணும் தாய்-சேய் அட்டையும் கூடவே போக வேண்டும். சொல்லாவிட்டால் சேலை துணிமணியோடு அதை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றாது.

பிள்ளை பிறந்த 6 மாதத்திலிருந்து 6 வயது வரை அங்கன்வாடியின் பொறுப்பு. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்தான் இதன் வேர். சின்னப் பிள்ளைக்குச் சத்துமாவு வீட்டுக்கே கொடுப்பார்கள். 2 வயதுக்கு மேல் மையத்தில் மதியச் சோறும் வாரம் 3 முட்டையும் உண்டு. பீடி சுற்றும் வீட்டில் அங்கன்வாடிக்கு இன்னொரு பயன் இருக்கிறது. அம்மா வேலை செய்யும் திண்ணையில் புகையிலைத் தூள் பறந்துகொண்டிருக்கும். பிள்ளை அந்த முறத்துக்குப் பக்கத்திலேயே தவழும், அங்கேயே தூங்கும். பகலில் சில மணி நேரம் அந்தத் தூளிலிருந்து பிள்ளையை அப்புறப்படுத்த அந்தத் தெருவில் இருக்கும் ஒரே இடம் அங்கன்வாடி. "சாப்பாடு வீட்லயே இருக்கு, எதுக்கு அனுப்பணும்" என்று சொல்லும் தாயிடம் முட்டையைப் பற்றிப் பேசுவதைவிட இதைச் சொல்லுங்கள். உடனே புரிந்துகொள்வார்.

மாதம் ஒருமுறை அங்கே பிள்ளையை எடை போடுவார்கள். நீங்களும் ஒருநாள் போய் நின்று பாருங்கள். எடைக்கருவி சரியாக இருக்கிறதா, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறார்களா, போன மாதத்தைவிடப் புள்ளி கீழே இறங்கிய பிள்ளை யார் என்று டீச்சரிடம் கேளுங்கள். குறை கண்டுபிடிக்கும் தோரணை வேண்டாம். அந்த டீச்சருக்கு ஏகப்பட்ட பதிவேடு, கைப்பேசிப் பதிவு வேறு. "எந்த வீட்டுக்கு நான் போய்ச் சொல்லணும், சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டால் கதவு திறக்கும்.

பள்ளிக்கூடத்தில் மதிய உணவு 10-ஆம் வகுப்பு வரை உண்டு. முட்டையும் தினமும் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 5-ஆம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. உங்கள் கையிலிருக்கும் சிறு தொகையை எங்கே செலவழிப்பது என்று கேட்டால் என் பதில் இந்த இடைவெளிதான். 6-ஆம் வகுப்புக்குப் போன பிள்ளை போன வருடம் வரை காலையில் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டது. இந்த வருடம் வெறும் டீயோடு வருகிறது. 10-ஆம் வகுப்புப் பிள்ளைகள் மாலைச் சிறப்பு வகுப்பு முடியும்வரை மதியச் சோற்றோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் பேசி, காலையில் இட்லியோ மாலையில் சுண்டலோ கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் ஊரே கூடி ஒரு வேளை பிரியாணி போடுவதைவிட, ஒரு பருவம் முழுக்கச் சுண்டல் போடுவது மேல். சமையலை அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அம்மாவிடம் கூலிக்குக் கொடுத்தால் அந்தக் காசும் அதே தெருவுக்குள் போகும்.

நல்லது செய்வதாக நினைத்து

நன்கொடையாளர்கள் பலரும் முதலில் கேட்பது, "நல்லாப் படிக்கிற பொண்ணு ஒருத்தியக் காட்டுங்க, நல்ல மெட்ரிக் ஸ்கூல்ல சேத்து விடறேன்" என்பதுதான். அவர்கள் மனசு நல்ல மனசுதான். ஆனாலும் அவசரப்பட வேண்டாம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு, 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், கல்லூரியில் படிக்கும் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் இதில் சேர்த்தார்கள். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 7-ஆம் வகுப்பில் அந்தப் பெண்ணை ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டு, இரண்டு வருடம் கழித்து உங்களுக்கே பணம் முடைப்பட்டால், அந்தக் கதவுகள் அடைபட்டுப்போயிருக்கும். கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, 9-இல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் பணத்தில் படித்தவருக்கு அந்த விலக்கு இல்லை. அரசுப் பள்ளியிலேயே இருக்கட்டும். நீங்கள் கொடுக்க நினைத்த கட்டணத்தில் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் மாலை வகுப்பு வையுங்கள். ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவில் ஒரு வகுப்பே படிக்கும்.

8-ஆம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் தேர்வு என்று ஒன்று உண்டு. தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். இதற்கு இரண்டு மாதம் பயிற்சி கொடுக்க ஒரு நல்ல கல்லூரி மாணவி போதும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருக்கும் அம்மாவின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத் துறையின் கல்வி உதவி தனியாக உண்டு. தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அட்டை இல்லாதவர்களுக்கு அதை வாங்கித் தருவதுதான் முதல் வேலை. முக்கூடலில் உள்ள பீடித் தொழிலாளர் மருத்துவமனையில் வைத்தியம் பார்க்கவும் அந்த அட்டை வேண்டும். பீடிக் கடைக்காரர் இலைக் கணக்குப் பாஸ்புக்கில் பெயரைச் சேர்க்காமல் இன்னொருவர் பெயரில் இலை கொடுப்பது இந்தப் பக்கம் நெடுநாள் பழக்கம். மாமியாரின் அட்டையில் சுற்றும் மருமகளுக்குத் தொழிலாளி என்று காட்ட ஒரு தாளும் இருக்காது.

பள்ளியை விட்டு நிற்கும் இடங்கள் நமக்குத் தெரிந்தவைதான். பெண் வயசுக்கு வந்ததும் வரும் அந்த ஒரு மாத விடுப்பு. 10-ஆம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிய மே மாதம். அந்த மே மாதத்தில்தான் மில்லுக்கு ஆள் எடுக்கும் தரகரும் வருவார்: மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று. அவர் வருவதற்கு முன் நீங்கள் போக வேண்டும். துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வந்துவிடுகிறது. தேர்வு முடிவு வரும் நாளில் பள்ளியில் நின்று, தவறிய பெண்களின் வீட்டு முகவரியை ஆசிரியரிடம் வாங்கி, அந்த வாரத்திலேயே துணைத் தேர்வுக்குப் பணம் கட்டி, கணக்கு சொல்லிக் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள். பெண் கல்விக்கு என்று இந்த அத்தியாயத்திலிருந்து ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். முதல் மதிப்பெண் எடுத்தவருக்குப் பரிசு கொடுக்க ஊரில் ஆட்கள் நிறைய உண்டு. தவறிய பெண்ணின் வாசலுக்குப் போக ஆள் இல்லை.

தகப்பன் இல்லாத வீடு

கணவர் இறந்த, அல்லது விட்டுப் போன வீட்டில் மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும்.

ரேஷன் கார்டு முதல் வேலை. கணவரின் கார்டில் இருக்கும் தன் பெயரை நீக்கித் தனிக் கார்டு வாங்க அந்தப் பெண் போனால், "வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கிட்டு வாங்கம்மா" என்பார்கள். விட்டுப் போனவரிடம் கையெழுத்துக்கு எங்கே போவது? கள விசாரணை செய்து தனிக் கார்டு தர வழி இருக்கிறது. மனுவில் அதை எழுதி, வட்ட வழங்கல் அலுவலரிடமே நேராகக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

இரண்டாவது ஓய்வூதியம். ஆதரவற்ற விதவை ஓய்வூதியமும் கைவிடப்பட்டோர் ஓய்வூதியமும் 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தன. தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் பார்க்கும் வேலை இது. விசாரணைக்கு வி.ஏ.ஓ. வரும் நாளில் அந்தப் பெண் வீட்டில் இல்லாமல் போனதாலேயே பல மனுக்கள் தள்ளுபடியாகின்றன. மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்களுக்கு மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. காரணம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்ற வரம்பு, வீட்டு உரிமையாளர் பெயரில் உள்ள ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் இருப்பதால்கூடத் தாண்டியிருக்கலாம்.

மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. தாய் விதவையாகவோ கணவரால் கைவிடப்பட்டவராகவோ இருந்து, நகரத்தில் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் (கிராமத்தில் 72,000) இருந்தால், பிள்ளையின் படிப்புக்கும் பராமரிப்புக்கும் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்க மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இடமுண்டு. தாயோ தகப்பனோ தீராத நோயில் இருந்தாலும், பிள்ளை தாத்தா பாட்டியிடம் வளர்ந்தாலும் விண்ணப்பிக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். ஒரு குழு பார்த்து ஒப்புதல் தரும். நிதி அளவானது என்பதால் காத்திருக்க நேரும். ஆனாலும் மனுவே போடாதவர் அந்த வரிசையிலேயே இல்லை. இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 தரும் அன்புக் கரங்கள் திட்டத்தை மாநில அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. பிள்ளையை விடுதியில் சேர்க்கத் தாய் கண்ணீரோடு வரும்போது, விடுதியின் முகவரியைத் தருவதற்கு முன் இந்த இரண்டையும் முயன்று பாருங்கள். மாதம் ஒரு தொகை வந்தால் பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளக்கூடிய தாய்மார்கள் நிறையப் பேர்.

தொகைகளும் திட்டங்களின் பெயர்களும் மாறும். அலுவலகங்களும் அங்கே கேட்கும் தாள்களும் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. நினைவில் வைக்க வேண்டியவை அவைதான்.

கடன்

கொடுத்த உதவியெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டால், பெரும்பாலும் வியாழக்கிழமைத் தவணைக்குப் போகிறது. அல்லது செவ்வாய்க்கிழமைத் தவணைக்கு. ஒரே தெருவில் நாலைந்து குழுக் கடன் நிறுவனங்கள். ஒன்றை அடைக்க இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் வாரவட்டிக்காரர்.

ஒரு தாளை எடுத்து அந்தப் பெண்ணோடு உட்காருங்கள். யாரிடம், எவ்வளவு கையில் வாங்கினார், தவணை எவ்வளவு, எத்தனை கட்டியாயிற்று, என்ன கொடுத்து வைத்திருக்கிறார் என்று ஒவ்வொரு கடனையும் எழுதுங்கள். "கையில் வாங்கியது" என்பதை அழுத்திக் கேட்க வேண்டும். 10,000 கடன் என்பார். முன்வட்டி பிடித்து 8,500 கொடுத்திருப்பார்கள். வாரம் 1,000 வீதம் 10 வாரம் கட்டுவார். 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் வாராவாரம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. கணக்குப் போட்டால் நூற்றுக்கு மாதம் 13 ரூபாய் வட்டி. இதை அவர் கண்ணெதிரே எழுதிக் காட்டுங்கள். எந்தக் கடனை முதலில் தீர்ப்பது என்று பிறகு அவரே சொல்வார்.

குழுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதிகள் போட்டிருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன்தான் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன். எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. குறித்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறையாவது அவர் வராமல் போனால்தான் வீட்டுக்கே வரலாம். வாசலில் இருட்டும்வரை உட்கார்ந்திருப்பதும், "உங்க வீட்ல சாவு விழுந்தாலும் பணத்தக் கட்டிட்டுப் போங்க" என்று பேசுவதும் முறைகேடு. பேச்சைப் பதிவு செய்யுங்கள், தேதி எழுதுங்கள், நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். பலன் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் 14448. பதிவில்லாத வாரவட்டிக்காரர் என்றால் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-இல் தமிழ்நாடு தனிச் சட்டமும் கொண்டுவந்தது.

சட்டம் இருப்பது மட்டும் போதாது என்பதை இந்தப் பகுதி மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 அக்டோபர் 23 அன்று, மனு வாங்கும் நாளான திங்கட்கிழமை, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பம் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். அவர்கள் மனு கொடுக்காதவர்கள் அல்லர். திரும்பத் திரும்பக் கொடுத்திருந்தார்கள். அந்த மனு எந்த மேசையில் இருக்கிறது, யார் விசாரிக்கிறார், ஏன் விசாரிக்கவில்லை என்று அடுத்த திங்கட்கிழமை போய்க் கேட்க அவர்களோடு இன்னும் நாலு பேர் நின்றிருக்க வேண்டும். கடன் விஷயத்தில் ஒரு பெண்ணைத் தனியாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ ஆட்சியர் ஆபீசுக்கோ அனுப்பாதீர்கள்.

நீங்கள் கடன் கொடுக்காதீர்கள். கொடுத்த அன்றிலிருந்து உங்களைப் பார்த்தால் அந்தப் பெண் தெரு மாறிப் போவார். பிறகு மற்ற எந்த உதவிக்கும் உங்களிடம் வரமாட்டார். மகளிர் சுய உதவிக் குழுவின் வங்கிக் கடன், கூட்டுறவு நகைக்கடன் என்று வட்டி குறைந்த இடத்துக்கு மாற்றிவிட உதவுங்கள்.

அடிபடும் பெண்

சிறு நகரத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஸ்டேஷன் ஏட்டு வீட்டுக்காரரின் பங்காளியாக இருப்பார். நீங்கள் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய அன்றைக்கே விஷயம் வெளியே போய்விடும். ஆகவே வீட்டுக்குப் போகாதீர்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அங்கன்வாடி என்று அவர் இயல்பாக வந்துபோகும் இடத்தில் பேசுங்கள். போனில் குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள்.

சமாதானம் பேசப் போகாதீர்கள். நல்ல எண்ணத்தில் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து, "இனிமே கை நீட்டமாட்டான்" என்று சொல்லி அனுப்பிவைத்த பெண் மறுபடி அடிபட்டு வரும்போது, அந்தப் பெரியவர்களிடம் வருவதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வீடு கணவர் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த அந்த வீட்டில் இருக்கும் உரிமையை இந்தச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் கேட்கலாம். 181-ஐ எந்நேரமும் அழைக்கலாம். குழந்தை என்றால் 1098. வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம்: 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே எல்லாப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழு உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.

அவர் இன்றைக்கே வீட்டை விட்டு வர வேண்டும் என்று அவசரப்படுத்த வேண்டாம். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றின் நகல்களை வெளியே ஓரிடத்தில் வைத்திருக்கட்டும். கிளம்ப வேண்டும் என்று அவர் தீர்மானிக்கும் ராத்திரியில், அவற்றைத் தேட நேரம் இருக்காது. பிள்ளைகள் பள்ளி மாற நேர்ந்தால், டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று 8-ஆம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தலைமையாசிரியர் தயங்கினால் நீங்கள் கூட நில்லுங்கள்.

பணமும் படமும்

உதவி பெறும் பெண்ணையும் பிள்ளையையும் படம் எடுக்காதீர்கள். நன்கொடை கொடுத்தவர் கேட்டாலும் கூடாது. வகுப்பில் கூடப் படிப்பவர்களின் வீட்டு போனில் அந்தப் படம் மறுநாள் வரும். ரசீதும் கணக்கும் காட்டுங்கள், அது போதும். அதற்கு ஒப்பாத நன்கொடை இல்லாமலும் வேலை நடக்கும்.

வசூலான பணத்தில் ஒரு பகுதியைக் கூலி ஈட்டுக்கென்று ஒதுக்குங்கள். ஒரு பெண் மனுவுக்காக வரும் நாளில் பஸ் செலவும், சாப்பாடும், இழந்த கூலியும் அதிலிருந்து போகட்டும். இதைத் தர்மமாகக் கொடுக்காமல் பயணப்படி என்று கணக்கில் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். வாங்குபவருக்கும் கூச்சம் இருக்காது.

ஓய்வூதியமோ நிதி ஆதரவோ வரத் தொடங்கியதும் நம் வேலை முடிந்தது என்று நோட்டை மூடிவிடக் கூடாது. நேரடி ஆய்வு நடக்கும்போது வீடு மாறியிருந்தால் பெயர் நீங்கும். கேட்காவிட்டால் நின்றது நின்றதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கில் வரவைப் பதியச் சொல்லிப் பாருங்கள். தனக்கு வேலை முடிந்த பெண்களில் வழி தெரிந்த, வாய் திறந்து கேட்கக்கூடிய ஒருவரை, அடுத்து மனுப் போடும் பெண்ணோடு அனுப்புங்கள். எந்த ஜன்னல், எந்த கிளார்க், நகலுக்கு எந்தக் கடை என்பதெல்லாம் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்கும் அதே பயணப்படியைக் கொடுங்கள்.